பரபக்கம் மட்டும்

இஸ்தான்புல்
9 செப்டம்பர் 2024

காமினிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

வாட்ஸ்அப்பில் உன்னைத் தடுத்துவிட்டேன். அங்கே விட்டால் குரல் பதிவு அனுப்புவாய், நடுநடுவே மூக்கை உறிஞ்சுவாய், நான் இளகிவிடுவேன். எனக்கு இப்போது இளக விருப்பமில்லை. மின்னஞ்சலில் எழுது. நாளைக்கு ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று நீயும் நழுவ முடியாது, நானும் நழுவ முடியாது.

வெள்ளிக்கிழமை நடந்த மதிப்பீட்டுக் கூட்டத்தின் முடிவைப் நம் துறைத் தலைவர் பேராசிரியர் குணாளன் இன்று அனுப்பியிருக்கிறார். என் முனைவர் பட்டப் பதிவை முதுகலையாக இறக்கிவிட்டார்கள். நான்கு வருட உழைப்பு. மூன்றாம் அத்தியாயத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தால் ஒரு எம்.ஏ. தருவார்களாம். நான் கேட்காத எம்.ஏ. என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

உனக்கு மறந்துபோயிருக்கும், அதனால் என் ஆய்வு என்னவென்று உனக்கே சொல்கிறேன். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்தில் ஒருவர் இருந்தார். நாம் அவரை ‘நம்ம ஆள்’ என்போம். தத்துவவாதிகளை மறுக்கக் கிளம்பியவர், முதலில் அவர்கள் சொல்வதையெல்லாம் அவர்களைவிடத் தெளிவாக ஒரு நூலாக எழுதினார். ‘இதில் இருப்பது என் கருத்து அல்ல, மறுப்பு பின்னால் வரும்’ என்று முன்னுரையில் சொன்னார். அந்த நூல் ஸ்பெயினில் டொலேடோ நகரத்தில் லத்தீனுக்குப் போனது. முன்னுரை போகவில்லை. ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக அவரைத் தத்துவவாதிகளின் சீடப்பிள்ளை என்றே நினைத்தார்கள். எதை எதிர்த்தாரோ அதையே அவர் தலையில் கட்டினார்கள்.

அந்த முன்னுரை தற்செயலாகத் தொலையவில்லை, வேண்டுமென்றே விடப்பட்டது என்பதுதான் என் மூன்றாம் அத்தியாயம். நான் இங்கே பார்த்த பழைய பிரதிகளில், முன்னுரை முடிகிற பக்கத்திலேயே முதல் அத்தியாயம் தொடங்குகிறது. ஏடு கிழிந்து போயிருந்தால் அத்தியாயத்தின் தலையும் கூடவே போயிருக்க வேண்டும். லத்தீனில் தலை பத்திரமாக இருக்கிறது. எல்லாம் வெறும் தற்செயல் என்று பேராசிரியர் குணாளன் எப்போதோ புத்தகம் போட்டவர் என்பதும் உனக்குத் தெரியும்.

இப்போது அவர் கடிதத்தில் இருப்பதைக் கேள். ‘ஒரு நூலின் முதல் ஏடுதான் முதலில் கிழியும். அதற்கு ஒரு குற்றவாளி தேவையில்லை. ஆய்வாளர் கோபத்தில் இருக்கிறார், அதனால் குற்றவாளியைத் தேடுகிறார்.’ இதைச் சொன்னது குழு இல்லை. அடுத்த வரியில் எழுதியிருக்கிறார்: ‘ஆய்வாளரின் வாசிப்புத் தோழியும் கூட்டத்தின் எதிர்வாதியுமான செல்வி காமினியே இதை மிகச் சிறப்பாக எடுத்துரைத்தார்.’

மிகச் சிறப்பாக!

ஆய்வை எதிர்த்துக் கேள்வி எழுப்பும் எதிர்வாதியாக உன் பெயரைக் கொடுத்தது நான்தான். எதிர்வாதி பேசும்போது ஆய்வாளர் இருக்கக் கூடாது என்பது நம் செலாட் பல்கலைக்கழகத்தின் விதி. நானும் இங்கிருந்து திரையில் என் பங்கைப் பேசிவிட்டுக் கேமராவை அணைத்தேன். இங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. நிம்மதியாக டீ போட்டுக் குடித்தேன். உள்ளே காமினி இருக்கிறாள் என்ற நிம்மதி.

மாத இறுதியில் மேல்முறையீடு. அதற்குள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். ஏன்?

சலேஹா

*

புக்கிட் மெர்தாஜாம்
10 செப்டம்பர் 2024

சலேஹாவுக்கு,

உன் கடிதத்தைக் காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது படித்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா என்னவென்று கேட்டார். சலேஹா என்னைத் துரோகி என்கிறாள் என்று எப்படிச் சொல்வது? நோன்புப் பெருநாளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர் அவர்.

நீ கோபப்படலாம். ஆனால் நான்கு வருடம் எதிரே உட்கார்ந்து படித்தவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல், குணாளன் சார் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாயே, அதுதான் எனக்கு எரிகிறது.

நமக்கு ஒரு வழக்கம் உண்டு. பினாங்கு சூலியா தெருவில் உன் மீரா சாகிப் மாமுவின் நாணய மாற்றுக் கடைக்கு மேல்மாடியில், நீ அரபு மூலத்தையும் நான் லத்தீன் மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு உட்காருவோம். தமிழில்தான் சண்டை. எதிர்த்தரப்பு ‘ஆமா, அதான்’ என்று தலையாட்டும்வரை அதன் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் அடிக்கலாம். எங்கள் ஊர்க் கோவில் சைவ வகுப்பில் படித்த சொற்களை நான் கொண்டுவந்தேன். பிறர் பக்கத்தைச் சொல்வது பரபக்கம், தன் பக்கத்தைச் சொல்வது சுபக்கம். நீ கேட்டுவிட்டு, “அட, நம்ம ஆளு செஞ்சதும் இதான்லா!” என்று மேசையைத் தட்டினாய். கீழே வியாபாரத்தை விட்டுவிட்டு மாமு பதறி ஓடி வந்தார்.

அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். குழுவில் இருந்த மூன்று பேருக்கும் உன் அத்தியாயத்தின் மேல் என்னென்ன சந்தேகம் வரும் என்று யோசித்து, அவர்கள் வாயால் சொல்வதைவிட நன்றாகச் சொன்னேன். தலையாட்டினார்கள். அப்புறம் நான் அடிக்க வேண்டிய நேரம். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்காகக் கூட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இடைவேளை முடிந்து திரும்பினேன். குணாளன் சார் கதவருகிலேயே நின்றிருந்தார்.

“போதும்லா காமினி. பிரமாதமா சொல்லிட்ட. இதுக்கு மேல சொன்னா அவங்கள கொழப்பிடும். நீ போ, நாங்க பாத்துக்கிறோம்.”

என் சுபக்கம் நாக்கிலேயே நின்றுவிட்டது. அதில் என்ன இருந்தது தெரியுமா? லத்தீனில் ஒரு தையல் இருக்கிறது, சலேஹா. அரபில் முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில், முன்னுரையில் சொன்னதைத் தொட்டுப் பேசுகிற ஒரு வாக்கியம் வருமே, லத்தீனில் அந்த வாக்கியத்தையும் எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் சேர்த்து நேராக்கியிருக்கிறார்கள். முன்னுரை இருந்தது என்று தெரியாதவன் அந்த இடத்தைத் தைத்திருக்க மாட்டான். கூட்டத்துக்கு முந்தைய வாரம்தான் கண்டுபிடித்தேன். உனக்கு அங்கேயே, எல்லார் முன்னாலும், பரிசாகத் தர நினைத்தேன்.

நம்ம ஆளுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்திருக்கிறது. மறுப்பதற்காகச் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, மறுப்பை வெட்டிவிட்டார்கள். இதை உலகத்தில் புரிந்துகொள்ளக் கூடியவள் நீ ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

காமினி

*

இஸ்தான்புல்
13 செப்டம்பர் 2024

காமினிக்கு,

உன்னை நம்ம ஆளோடு ஒப்பிட்டுக்கொள்ள உனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லையா?

அவர் முன்னுரையை முதலில் எழுதினார். வாசலிலேயே நின்று ‘இது என் கருத்து அல்ல’ என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். நீ வாயைத் திறந்ததும் அப்படி ஒரு வரி சொன்னாயா? சொல்லியிருந்தால் உன் கடிதத்தில் அதைத்தான் முதலில் எழுதியிருப்பாய். நீ சொல்லவில்லை. மேல்மாடியில் நானும் நீயும் மட்டும் இருந்தோம், நமக்கு வழக்கம் தெரியும், முன்னுரை வேண்டாம். அங்கே இருந்தவர்களுக்கு உன் பரபக்கம் சுபக்கம் எல்லாம் தெரியுமா? ஒரு பெண் எழுந்து நின்று தோழியின் ஆய்வைத் துண்டு துண்டாக வெட்டுகிறாள் என்றுதான் தெரிந்திருக்கும்.

அடுத்தது. அவர் புத்தகத்தை மற்றவர்கள் வெட்டினார்கள். உன்னை யார் வெட்டினார்கள்? ‘நீ போ’ என்றார், நீ போனாய். புத்தகத்துக்குக் கால் இல்லை. உனக்கு இருக்கிறது. அந்தக் காலை உள்ளே வைத்து, ‘இன்னும் பாதி இருக்கு சார்’ என்று நான்கு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? சொல்லாமல் ஃபெரி ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறாய். வெள்ளி போனது, சனி போனது, ஞாயிறு போனது. என்னை ஒரு தடவை கூப்பிட்டாயா? நான்தான் தடுத்தேன் என்று சொல்லாதே. நான் தடுத்தது திங்கட்கிழமை.

தையலைக் கண்டுபிடித்தாயாம், பரிசாகத் தர நினைத்தாயாம். அது என் கழுத்தில் கத்தி விழாமல் தடுத்திருக்கக் கூடிய ஒரே ஆதாரம். அதை ரிப்பன் கட்டி வைத்திருந்தாய்.

இவ்வளவுக்கும் பிறகும் உன்னை நம்பத்தான் பார்த்தேன். நேற்று மேல்முறையீட்டு விவரம் கேட்கத் துறை அலுவலகத்துக்கு அழைத்தேன். அதிராதான் எடுத்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. “காமினிக்காவுக்கு வேல கெடச்சிருச்சே, சொன்னாங்களாக்கா? ஜனவரிலேர்ந்து டியூட்டர். குணாளன் சார்தான் பேரு குடுத்தாரு” என்றாள் சந்தோஷமாக. நானும் சந்தோஷமாக வாழ்த்து சொன்னேன்.

நாம் இதைப் படிக்க வந்தபோது எங்கள் ஆட்கள் என்னை, “என்னா, மதரசால ஓதிக் குடுக்குற உஸ்தாஸா ஆகப் போறியா?” என்று கேட்டார்கள். உங்கள் ஆட்கள் உன்னை, “மதம் மாறப் போறியா?” என்று கேட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்ந்து பதில் சொன்னோம். உன் சித்தப்பாவிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், உனக்காக, உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று. எனக்காக ஒரு வாசற்படியைத் தாண்ட உன்னால் முடியவில்லை.

வேலைக்கு வாழ்த்துகள்.

சலேஹா

*

புக்கிட் மெர்தாஜாம்
15 செப்டம்பர் 2024

சலேஹாவுக்கு,

சரி, ஒளிக்காமல் எழுதுகிறேன். நீயும் ஒளியாமல் படி.

வேலையைப் பற்றி அவர் கதவருகில்தான் சொன்னார். ‘நீ போ’ என்பதற்கு அடுத்த வாக்கியம் அது. “ஜனவரில டியூட்டர் எடம் காலியாவுது, ஒன் பேர குடுத்திருக்கேன்.” பேசும்போது எனக்கு அது தெரியாது. போகும்போது தெரியும். ஃபெரியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுநாளே மாக் மண்டினில் தான் வேலை செய்யும் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார், என் மகள் விரிவுரையாளர் என்று. மூன்று நாளும் போனை எடுத்து எடுத்து வைத்தேன். நீ எதைச் சொல்லித் திட்டினாலும் அதற்கு நான் உரியவள்தான்.

இப்போது என் கோபம்.

போன வருடம் நீ மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வரைவை மேல்மாடிக்குக் கொண்டுவந்தாய். நான் வழக்கப்படி பரபக்கத்தைத் தொடங்கினேன். டொலேடோவுக்குப் போன பிரதி நீ பார்த்த பிரதி இல்லையே, அதில் முன்னுரை தனி ஏட்டில் இருந்திருக்கலாமே என்றேன். இரண்டு வாக்கியம்தான் சொன்னேன். நீ தாள்களை மூடி எடுத்துக்கொண்டு, “ஒனக்கு அரபு தெரியாது காமினி” என்றாய். அவ்வளவுதான். கீழே போய் மாமுவோடு பேசிக்கொண்டிருந்தாய். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வழக்கத்தை முதலில் உடைத்தது யார்? குணாளன் சார் புத்தகத்துக்குப் பரபக்கம், என் அத்தியாயங்களுக்குப் பரபக்கம், செத்துப்போன எல்லாருக்கும் பரபக்கம். உன் அத்தியாயத்துக்கு மட்டும் கிடையாது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஆரம்பித்தேன். நீ பேச்சை மாற்றினாய், டீ வாங்கப் போனாய், இஸ்தான்புல்லுக்கே போனாய்.

அன்றைக்கு அந்த அறையில்தான் முதல்தடவையாக அதை முழுசாகச் சொல்ல விட்டார்கள். சொல்லும்போது எனக்கு இனித்தது, சலேஹா. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் ‘கோபத்தில் இருக்கிறார்’ என்பது பரபக்கம் இல்லை. குழுவில் யாரும் அப்படி நினைக்கவில்லை. அது நான் நினைத்தது. நீ எழுதும்போது யாரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் உன்னால் இருக்க முடியவில்லை. நம்ம ஆளுக்கு இழைத்த அநியாயத்தைப் படித்துப் படித்து, உனக்கே இழைத்ததுபோல் ஆகிவிட்டது.

அதைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல நீ விடவில்லை.

மேல்முறையீட்டுக்கு நான் ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தருகிறேன். தையலையும் சேர்த்து. வேண்டுமென்றால் சொல்.

காமினி

*

இஸ்தான்புல்
18 செப்டம்பர் 2024

காமினிக்கு,

வேண்டாம்.

உன் சாட்சிக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் ஜெயித்தால், காமினி இரக்கப்பட்டுத் தந்த டாக்டர் பட்டம் என்று ஆயுசுக்கும் தோன்றும்.

தாள்களை மூடியது உண்மை. ‘ஒனக்கு அரபு தெரியாது’ என்றதும் உண்மை. நீ சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் மூடினேன். பதில் கிடைத்ததும் திரும்பவும் திறக்கலாம் என்று நினைத்தேன். பதிலைத் தேடித்தான் இந்த ஊருக்கே வந்தேன். இதை ஒரு தடவை சொல்லிவிட்டேன், இன்னொரு தடவை கேட்காதே.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. நான் சொல்வது தவறு என்றே வைத்துக்கொள். தவறாகச் சொன்னால் பட்டத்தைப் பிடுங்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? குணாளன் புத்தகத்தில் எத்தனை தவறு இருக்கிறது என்று நீயும் நானும் எண்ணிச் சிரித்திருக்கிறோம். அவரை யாராவது எம்.ஏ.வுக்கு இறக்கினார்களா? இல்லை, கோபம்தான் குற்றமா? பொய் சொல்லி ஒரு மனிதனை நூற்றுக்கணக்கான வருடம் மாற்றிக் காட்டியிருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டுக் குளிர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறவன் ஆராய்ச்சியாளன், கொதிக்கிறவள் எம்.ஏ.வா?

இருபத்தேழாம் தேதி விசாரணை. நான் திரையில் வந்து என் பங்கைப் பேசுவேன், அப்புறம் அணைக்கச் சொல்வார்கள், அணைப்பேன். நீ உன் வேலையைப் பார்.

சலேஹா

*

புக்கிட் மெர்தாஜாம்
28 செப்டம்பர் 2024

சலேஹாவுக்கு,

நீ வேண்டாம் என்றது கடிதத்தை. ஆளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் நேற்று நானே போனேன்.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்து, உன் முகம் திரையில் அணைந்ததும் தட்டினேன். தலைமையில் சட்டத் துறை டாக்டர் நூர் பீவி. பக்கத்தில் இரண்டு பேர். குணாளன் சார் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“யாரு ஒங்கள கூப்ட்டா?” என்றார் நூர் பீவி.

“யாரும் கூப்புடல டாக்டர். அன்னிக்கி எதிர்வாதியா பாதிதான் பேசுனேன். மிச்சத்த பேச வந்திருக்கேன்.”

“இது ப்ரொசீஜர் கெடையாது” என்றார் குணாளன் சார்.

“பாதில அனுப்புனது மட்டும் ப்ரொசீஜரா சார்?”

நூர் பீவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். “பேசுங்க” என்றார்.

முதலில் முன்னுரை சொன்னேன். எங்கள் வழக்கம் இது, அன்று நான் பேசியது எதிர்ப்பக்கம், அதை வைத்து முடிவு செய்தது பாதி நூலைப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது போன்றது என்றேன். பிறகு தையலைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் முடித்திருக்க வேண்டியது, அரைமணி நேரம் ஆயிற்று. யாரும் நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு நூர் பீவி ஒரு கேள்வி கேட்டார்.

“ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பேசுறீங்க. நீங்க எத நம்புறீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் ஒரு சின்னப் பொய் உனக்கு எல்லாவற்றையும் வாங்கித் தந்திருக்கும். நான்கு வருடமாக நம்ம ஆளைப் படித்துவிட்டு என்னால் முடியவில்லை.

“மொதப் பாதியத்தான் டாக்டர்” என்றேன். “அந்த எடத்த தைச்சவன்தான் கிழிச்சவனா இருக்கணும்னு இல்ல. ஏற்கெனவே கிழிஞ்சு வந்தத ஒருத்தன் நேராக்கியிருக்கலாம். சலேஹா சொல்றது தப்புன்னுதான் நெனைக்கிறேன்.”

குணாளன் சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

“ஆனா அதுக்கும் டிகிரிக்கும் என்னா சம்பந்தம்? அவ தப்புன்னு முழுசா காட்ட எனக்கு ரெண்டு வருஷம் ஆவும். இஸ்தான்புல் போவணும், அரபு ஒழுங்கா படிக்கணும், அவ பாத்த பிரதியெல்லாம் நானும் பாக்கணும். ரெண்டு வருஷம் வேல வாங்குற தப்பு எம்.ஏ. தப்பு இல்ல டாக்டர், அது பிஎச்டி தப்பு!”

யாரோ சிரித்தார்கள். “எமோஷனலா பேசாதே காமினி” என்றார் சார்.

“கோவமாத்தான் சார் இருக்கேன். கோவப்பட்டா ஆதாரம் எல்லாம் காணாம போயிருமா? அன்னிக்கி அவளுக்குக் கோவம்னு சொன்னது நான்தான். அது ஆய்வுல இருக்குற கொற இல்ல. எனக்கு அவ மேல இருந்த வருத்தம். அத எடுத்துப் போட்டு ஒரு பட்டத்த புடுங்கியிருக்கீங்க.”

அப்புறம் என்னை வெளியே போகச் சொன்னார்கள். முடிவு உனக்குத்தான் வரும். தாழ்வாரத்தில் சார் என்னைக் கடந்து போனார், பார்க்காதவர்போல. டியூட்டர் பட்டியலில் என் பெயர் இல்லை என்று சாயங்காலமே அதிரா சொன்னாள். வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். பட்டறையில் அவர் எப்படித் திருப்பிச் சொல்வார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் உனக்காகச் செய்ததாக எண்ணி உருக வேண்டாம். நீ தவறு என்று இன்னொரு தடவை சபையில் சொல்லியிருக்கிறேன். திட்டுவதென்றால் இதற்கும் சேர்த்துத் திட்டு.

காமினி

*

இஸ்தான்புல்
7 அக்டோபர் 2024

காமினிக்கு,

பதிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் அத்தியாயத்தோடு.

அவர்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை. என் பொருளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு என்னிடமே திருப்பித் தருகிறவர்களுக்கு எதற்கு நன்றி? உனக்கும் சொல்வதாக இல்லை. ‘பிஎச்டி தப்பு’ என்று நீ சொன்னதை நூர் பீவி தீர்ப்பிலேயே எழுதிவிட்டார். இனிப் பினாங்கில் நான் எங்கே போனாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மாமுவுக்கு யாரோ சொல்லி, அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏதோ விருது கிடைத்த மாதிரி.

நீ வேலையை இழந்தது எனக்குச் சுடுகிறது. அழகாகச் சொல்ல வரவில்லை, இப்படியே எடுத்துக்கொள். உன் அப்பாவிடம் நான் ஊருக்கு வந்ததும் நேரில் பேசுகிறேன். மாக் மண்டினுக்கே வந்து பட்டறையில் நின்று சொல்கிறேன், உங்கள் மகள் என்ன செய்தாள் என்று. நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும்.

சண்டைக்கு வருகிறேன். கிழிந்து வந்ததை ஒருவன் நேராக்கியிருக்கலாம் என்றாய். நேர்மையானவன் என்றால் ‘இங்கே ஏதோ குறைகிறது’ என்று ஓரத்தில் ஒரு குறிப்புப் போட்டிருப்பான். அந்தக் காலத்தில் அப்படிப் போடுகிற வழக்கம் இருந்தது என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். குறிப்பில்லாமல், வெளியே தெரியாமல் தைக்கிறவன் எதையோ மறைக்கிறான். இதற்குப் பதில் வைத்திருப்பாய். வைத்திருக்க வேண்டும்.

போன வாரம் முழுவதும் வேறு எதுவும் செய்யவில்லை. மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் உன் பக்கத்தை எழுதினேன். தனி ஏடு, டொலேடோ பிரதி, தைத்தவன் வேறு கிழித்தவன் வேறு, எல்லாம். நீ சொன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது. எழுதி முடித்துப் படித்தபோது, நான் சொல்வது தவறோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. கோபம் கோபமாக வந்தது, உன் மேல்தான். ஆனாலும் அந்தப் பக்கங்களை எடுக்கவில்லை.

ஜனவரியில் இறுதிக் கருத்தரங்கு. திறந்த கூட்டம், யாரும் யாரையும் வெளியே அனுப்ப முடியாது. எதிர்வாதி யார் என்று கேட்டிருந்தார்கள். உன் பெயரைக் கொடுத்தேன். நடந்ததற்கெல்லாம் பிறகு அது முறையாக இருக்காது, வேறு யாரையாவது சொல் என்று குணாளன் எழுதினார். நான் தோற்பதாக இருந்தால் காமினியிடம்தான் தோற்பேன், உங்களிடம் இல்லை என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன்.

சலேஹா